மேசைமேல் ஒரு திருகோணமலைப் பாதை

திருகோணமலை என்ற பெயரைக் கேட்டதும் நேயர்களின் உள்ளத்தில் முதலில் எழுவன கோணேசர் கோயிலும், உலகம் போற்றும் இயற்கைத் துறைமுகமுமேயாம். அத்துறைமுகத்தை நாட்டின் உட்பகுதியோடு பிணைக்கும் இருப்புப்பாதையை நினைப்பவர் சிலரே. 1927 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அப்பாதை கல்ஓயாச் சந்தியிற் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம் ஆகிய வயல்சூழ் ஊர்களைத் தாண்டி, சீனக்குடாவிற் கடலைக் கண்டு, நகரை அடைகின்றது. அந்தப் பாதையை வீட்டின் ஓர் அறைக்குள் அடக்க முடியுமா? பொறுமையும், சிறிதளவு மின்சார அறிவும் உடையவர்க்கு முடியும்.

முதலிற் செய்யவேண்டுவது கணக்கு. கல்ஓயாச் சந்தியிலிருந்து திருகோணமலைவரை சற்றேறக்குறைய 70 கிலோமீற்றர். நூறில் ஒரு பங்காகக் குறைத்தாலும் அது 700 மீற்றராகும். அத்தனை நீளமான வீடு எவரிடமும் இல்லை. ஆகவே முழுப் பாதையையும் செய்ய முயலாது, இரண்டு இடங்களை மட்டும் தெரிந்தெடுப்பதே அறிவுடைமை. ஒரு முனையிற் சீனக்குடா, மறு முனையில் திருகோணமலை நிலையம், இடையே ஒற்றைத் தண்டவாளம். சீனக்குடாவின் பின்னணியில், இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே பிரித்தானியக் கடற்படைக்காக எழுப்பப்பட்ட எண்ணெய்த் தாங்கிகளில் இரண்டொன்றை நிறுத்தினாற் போதும். 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டுவீசிய இடம் அதுவென்பதை வீட்டார் உடனே அறிந்துகொள்வர்.

நூறில் ஒரு பங்கு என்ற அளவு தற்செயலாக வந்ததன்று. இலங்கையின் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். கடைகளிற் பெரிதும் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் இடைவெளியோ 16.5 மில்லிமீற்றர். அதன்மேல் ஓடும் மாதிரிகள் பிரித்தானியாவில் 76 இல் ஒரு பங்காகவும், ஏனைய பல நாடுகளில் 87 இல் ஒரு பங்காகவும் செய்யப்படுகின்றன. அந்த அளவுகளில் நம் பாதையைச் செய்தால் அது குறுகித் தோன்றும். நூறில் ஒரு பங்கு எனக் கொண்டால் 1676 மில்லிமீற்றர் 16.76 ஆகின்றது. வேறுபாடு கால் மில்லிமீற்றரளவே! வாங்கிய சில்லுகளையும் அடிச்சட்டத்தையும் பயன்படுத்தி, மேற்கூட்டைத் தடித்த அட்டையால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அடிச்சட்டத்தின் நீளத்திற் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டிவரலாம். பாதையின் அகலத்திற் பொய் இராது. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கி, 1954 முதல் இலங்கையில் ஓடத் தொடங்கிய ‘ஒன்ராறியோ’, ‘அல்பேட்டா’ முதலிய டீசல் இயந்திரங்கள் அட்டையிற் செய்வதற்கு ஏற்ற நேரான உருவமுடையவை.

அடுத்தது அடித்தளம். துறைமுக நகரின் உப்புக்காற்றும், வடகீழ்ப் பருவமழையின் ஈரமும் இக்கலைக்குப் பகைகள். ஒட்டுப்பலகையின் இருபுறமும் ஓரங்களும் வார்னிசு பூசப்படாவிடின், மார்கழியில் அது வீங்கி வளையும். பலகை வளைந்தாற் பாதை வளையும். பாதை வளைந்தால் வண்டி கவிழும். பித்தளைத் தண்டவாளத்தினும், செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ‘நிக்கல் வெள்ளி’ எனும் உலோகத் தண்டவாளம் சிறந்தது. பெயரில் வெள்ளி உண்டேயன்றி உலோகத்தில் வெள்ளி இல்லை. அதன்மேற் படியும் அழுக்கை மதுசாரம் தோய்த்த துணியால் அவ்வப்போது துடைத்தல் வேண்டும்.

இனி மின்சாரம். வீட்டுச் சுவரில் வரும் 230 வோல்ற் மின்சாரம் இம்மேசையை ஒருபோதும் தீண்டலாகாது. நன்கு மூடப்பட்ட நிலைமாற்றிப் பெட்டியொன்று அதனைக் குறைத்து, ஒருதிசைப் பாய்ச்சலாக்கி, 12 வோல்ற்றுக்கு மேற்படாமல் வெளியே தரும். அம்மின்சாரம் ஒரு தண்டவாளத்தின் வழியே வந்து, அப்பக்கத்துச் சில்லுகளால் ஏறி, மோட்டாரைச் சுழற்றி, மறுபக்கத்துச் சில்லுகளால் இறங்கி, மற்றைத் தண்டவாளத்தின் வழியே திரும்புகின்றது. போன வழியும் திரும்பும் வழியும் ஒன்றையொன்று தொட்டுவிட்டாற் குறுஞ்சுற்று ஏற்பட்டு எல்லாம் நின்றுபோம். திசையை மாற்றிவிட்டால் இயந்திரம் பின்னோக்கி ஓடும். இவ்வளவே அடிப்படை.

தொடக்கத்தில் நன்றாக ஓடிய வண்டி சில மாதங்களில் நிலையத்தினருகில் வேகமாகவும் தொலைவில் மந்தமாகவும் ஓடுவதைக் கண்டு பலர் மனம் தளர்கின்றனர். பழுது இயந்திரத்திலன்று. தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சிறு தகடுகளில் உப்பும் அழுக்கும் சேர்ந்து மின்சாரத்தைத் தடுக்கின்றன. இதற்குப் பரிகாரம், பலகையின் அடியிற் பாதை முழுவதும் இரு தடித்த செப்புக்கம்பிகளை ஓடவிட்டு, ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய கம்பியொன்றைக் கீழிறக்கி, உரியதனுடன் பற்றவைப்பதே. ஒரு தண்டவாளத்துக்குச் சிவப்பு, மற்றையதற்குக் கறுப்பு என நிறம் பிரித்துக்கொண்டால் தவறு நேராது. பற்றவைக்கும்போது அமிலம் பயன்படுத்தலாகாது; குங்கிலியமே தக்கது. அமிலத்தின் மிச்சம் நாளடைவிற் கம்பியை அரித்துவிடும்.

இம்மேசையின் உயிர்நிலை இனித்தான் வருகின்றது. இரு முனைகளிலும் இரு பிள்ளைகள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. இடையே ஒற்றைப் பாதை. இருவரும் ஒரே வேளையில் வண்டியை விட்டால் என்ன ஆகும்? மேசைமேல் அட்டை நசுங்கும். மெய்யான பாதையில் மனிதர் மடிவர். 1874 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நோர்விச் நகருக்கு அண்மையில், தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பத்தால், ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே விடப்பட்டு மோதின. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் 1878 இல் எட்வேட் ரையர் என்பார் ராப்லெற் முறையை அமைத்தார். ஒரு நிலையத்துக் கருவியிலிருந்து உலோக வில்லையொன்று எடுக்கப்பட்டதும், அவ்வில்லை மீண்டும் கருவிக்குள் இடப்படும்வரை, இரு நிலையத்துக் கருவிகளும் மின்சாரத்தாற் பூட்டுண்டு கிடக்கும். வில்லையைக் கையிற் பெறாத சாரதி புறப்படலாகாது. இலங்கையின் ஒற்றைப் பாதைகளிலும் இம்முறை நெடுங்காலம் பயணிகளின் உயிரைக் காத்துவந்துள்ளது.

மேசையிலும் இதனை எளிதில் அமைக்கலாம். இடைப்பாதையின் இரு முனைகளிலும், இரு தண்டவாளங்களையும் மயிரிழையளவு வெட்டி, அப்பகுதியைத் தனிப்படுத்துக. ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் ஒரு துளைப்பெட்டி வைத்து, அதிற் செருகியைச் சொருகினாலன்றி அவர் பெட்டியின் இரு கம்பிகளும் இடைப்பாதையோடு சேராதவாறு இணைத்திடுக. செருகி ஒன்றே ஒன்றுதான் இருத்தல் வேண்டும். அது சுவர்த் துளையிற் பொருந்தாத வகையினதாயிருத்தல் மிக அவசியம். செருகியை வைத்திருப்பவரே வண்டியை அனுப்பலாம். வண்டி எதிர்நிலையத்துள் நுழையும்போது அங்குள்ளவரும் தம் பெட்டியை அதே திசையிற் திருப்பி வைத்திருக்க வேண்டும். இன்றேல் வெட்டிய இடத்தைச் சில்லுகள் கடக்கும்போது குறுஞ்சுற்று நேரும். ஆகவே அனுப்புபவர் மணியடித்துக் கேட்க வேண்டும்; ஏற்பவர் மணியடித்து விடையிறுக்க வேண்டும்.

இன்று தண்டவாளத்தின் வழியே கட்டளைகளை அனுப்பி, ஒவ்வோர் இயந்திரத்தையும் தனித்தனியே இயக்கும் இலக்கமுறையும் உண்டு. அது வசதியானதே. ஆயினும் அந்த ஒற்றைச் செருகி கற்பிக்கும் பாடம் வேறு. தம்பி கையிற் செருகி இருக்கும்வரை, தமையன் காத்திருந்தே ஆகவேண்டும். விருந்தினர் வியந்து பார்ப்பது மேசைமேல் ஓடும் இயந்திரத்தை. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கோ பலகையின் அடியிலுள்ள கம்பிகளும் தெரியும், காத்திருக்கவும் தெரியும். பின்னொரு நாள் கந்தளாய்க் காட்டோரத்தில் அவர்கள் ஏறிய வண்டி காரணம் தெரியாமல் நெடுநேரம் நிற்குமாயின், மற்றையோர் சலித்துக்கொள்ளும் வேளையில், எதிரே ஒரு வண்டி வருகின்றதென அவர்கள் அமைதியாக அமர்ந்திருப்பர்.