களைப்பு சோம்பல் அன்று

(சிங்கப்பூர் தேக்காவில், ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து வந்திருந்த தொழிலாளர்களும் இவ்வூர் உறவினர்களும் கூடிய கூட்டத்தில் ஒரு தோட்டக் கிராணி பேசியது.)



நான் பெரட்டில் நின்று பேர் போடுகிறவன். அந்தக் கை செய்த ஒரு பிழையைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த தோட்டத்தில் ஓர் அம்மாளுக்குக் கருப்பையில் புற்றுநோய் கண்டது. அறுவை முடிந்து, கதிர்ச் சிகிச்சையும் முடிந்து, வேலைக்குத் திரும்பினார். முகம் தெளிந்திருந்தது. ஆனால் நிரையில் பாதி மரம் வெட்டியதும் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிடுவார். "நோய்தான் போய்விட்டதே, இன்னும் என்னம்மா?" என்று கேட்டேன். செக்ரோலில் அரை நாள் என்று எழுதினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு மாதத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

அடுத்த ஆண்டு நோய் என் வீட்டுக்கே வந்தது. என் அக்கா இங்கே பஃபலோ ரோட்டில், மார்க்கெட்டுக்கு மேலே உள்ள அடுக்கு வீட்டில் இருக்கிறார். மார்பில் கட்டி. அறுவைக்குப் பின் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ மருந்து. அதற்குப் பின் கதிர்ச் சிகிச்சை. நான் லீவு போட்டுவிட்டு வந்து கூட இருந்தேன். அப்போதுதான் அந்தக் களைப்பைக் கண்ணால் பார்த்தேன். வெட்டுக் காட்டில் உழைத்தவனுடைய களைப்பு ஒரு தூக்கத்தில் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் போகாது. பல் துலக்கிவிட்டு நாற்காலியைத் தேட வைக்கும். நேற்றுச் சொன்னது இன்று மறக்கும். செய்த வேலைக்கும் வந்த களைப்புக்கும் கணக்கே பொருந்தாது. கணக்கெழுதுகிறவன் நான், அதனால் அது எனக்கு நன்றாக விளங்கியது.

கீமோ ஏற்றிய முதல் சில நாள் மிக மோசம். அடுத்த முறை நெருங்கும்போது தெளியும். கதிர்ச் சிகிச்சையில் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும்; முடிந்த பிறகும் பல வாரம் நிற்கும். சிலருக்கு மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில்கூட நீடிக்கும். நோய் போன பின்னும் களைப்பு இருக்கலாம் என்பது எனக்கு அன்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த அம்மாளிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் களைப்புக்கு மார்க்குக் கேட்பார்கள். களைப்பே இல்லையென்றால் 0. தாங்கவே முடியாதென்றால் 10. 4ஐத் தொட்டாலோ தாண்டினாலோ காரணம் தேடுவார்கள். என் அக்கா முதல் தடவை என்ன சொன்னார் தெரியுமா? "ஒன்றுமில்லை டாக்டர்." நம் பெண்கள் எல்லாரும் சொல்வதுதான்! நான் குறுக்கிட்டு 7 என்றேன். இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் இறங்கியிருந்தது. கீமோ மருந்து எலும்பு மஜ்ஜையில் இரத்தம் ஊறுவதையும் குறைக்கும். இரத்தக் குறைவு, தைராய்டு, வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, சாப்பாடு இறங்காமை, வேறு மாத்திரைகள் என்று காரணம் பலவாக இருக்கலாம். அவற்றில் பலவற்றைச் சரி செய்யலாம். சொன்னால்தானே செய்வார்கள்? கடையில் டானிக் வாங்கிக் குடித்துச் சமாளிக்கிற காரியம் அல்ல இது.

இன்னொன்று. தெளிந்த நாள் வந்ததும் அக்கா துணி துவைத்து, வீடு கழுவி, இரண்டு கறி வைத்துவிடுவார். பிறகு மூன்று நாள் எழ மாட்டார். நமக்குத் தெரிந்த பாடத்தையே அவருக்குச் சொன்னேன். மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுகிறோமே, ஏன்? பால் இருக்கிறதென்று தினமும் ஆழமாக வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையை ரிட்லி துரை ஆராய்ந்து வகுத்தது இந்த ஊர்ப் பூமலையில்தான். மரத்துக்குக் கொடுக்கிற ஓய்வை மனுஷிக்குக் கொடுக்கக் கூடாதா? ஒரு நோட்டில் எந்த மணிக்குத் தெம்பு இருக்கிறது என்று எழுதி வந்தோம். அவருக்குக் காலை ஒன்பது முதல் பதினொன்று. அந்நேரத்துக்கு ஒரே ஒரு வேலை, அதுவும் உட்கார்ந்து செய்வது. பகல் தூக்கம் அரை மணிக்குள். மற்றதெல்லாம் பிள்ளைகளும் அத்தானும். அத்தான் முதலில் முணுமுணுத்தார், பிறகு சோறு வடிக்கப் பழகிக்கொண்டார்.

ஆனால் படுத்தே கிடப்பதும் தவறு. அதில் தசை இளைத்து, களைப்பு இன்னும் கூடும். நான்கூட முதலில் "படு, படு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பல நாட்டு நிபுணர்கள் கூடி 2019இல் வெளியிட்ட யோசனைப்படி, வாரம் மூன்று நாள், நாளுக்கு 30 நிமிஷம், மூச்சு சற்று வாங்கும்படியான நடையைப் பன்னிரண்டு வாரமாவது நடந்தால் களைப்பு குறைகிறது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு அக்கா தொடங்கினார். முதலில் வீரமாகாளியம்மன் கோயில்வரை, ஐந்தடி நிழலிலேயே. இரண்டு மாதம் கழித்துப் பெருமாள் கோயில்வரை. ஞாயிற்றுக்கிழமைத் தேக்காக் கூட்டத்தில் மட்டும் போகமாட்டார், தொற்றுக்குப் பயந்து. கீமோ நடக்கும்போது காய்ச்சல் 38 பாகையைத் தொட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ நடையும் வேண்டாம், யோசனையும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. 1964இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் இப்படிப்பட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சியும் நடத்துகிறது.

இனி வேலை விஷயம். சிங்கப்பூரில் ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்குச் சம்பளத்தோடு 14 நாள் நோய் விடுப்பு. ஆஸ்பத்திரி விடுப்பு அந்த 14ஐயும் சேர்த்து 60 நாள். நம் மலேசியாவில் 2023 ஜனவரி முதல் அந்த 60 நாள் தனிக் கணக்கு. நோய் விடுப்பு சர்வீசுக்கு ஏற்ப 14, 18, 22. இந்த நாளெல்லாம் சிகிச்சைக்கே கரைந்துவிடும். அதற்குப் பின்தான் களைப்போடு வேலைக்கு வருகிறார்கள். அங்கேதான் சண்டை.

அக்கா வேலை பார்த்த இடத்தில் நேரம் குறைத்துக் கேட்டார். "முழு நேரம் முடியாவிட்டால் வீட்டிலிருங்கள்" என்று வாய்ப் பதில். நான் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். 2024 டிசம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடப்பிலுள்ள வழிகாட்டியின்படி, வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு எழுத்தில் கொடுத்தால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மலேசியச் சட்டத்திலும் 60 நாளுக்குள் அப்படியே. கொடுத்தே தீர வேண்டும் என்று இரண்டிலும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வாயால் விரட்டுவது வேறு, காரணத்தைக் கையெழுத்திட்டுத் தருவது வேறு. டாக்டர் சீட்டோடு போன கடிதத்துக்கு மூன்று மாதம் அரை நேரம் கிடைத்தது.

அந்த அம்மாளைப் போன மாதம் தேடிப் போய்ப் பார்த்தேன். மகள் வீட்டில் இருக்கிறார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "விடுங்கய்யா, காப்பி குடிங்க" என்றார். அவர் இழந்த வேலையை என்னால் திருப்பித் தர முடியாது. சிகிச்சை முடிந்து வருகிறவருக்கு முதல் மூன்று மாதம் மரக் கணக்கைக் குறைத்து, சம்பளத்தைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும் என்று எங்கள் கிளையில் கோரிக்கை எழுதியிருக்கிறோம். நிர்வாகத்தின் பதில் இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்து, கடிதம் எழுதத் தெரியாமலிருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். தாளும் பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன்.