தொண்டுள்ளம் இருக்கிறது, பயிற்சியும் வேண்டும்

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சங்கத்தின் 50 ஆண்டுச் சாதனைகளை எனக்கு முன் பேசியவர்கள் அழகாக எடுத்துச் சொன்னார்கள். எனக்குத் தரப்பட்ட தலைப்பு சுற்றுச்சூழல் தொண்டூழியமும் அதற்கான பயிற்சியும். கடற்கரையைத் துப்புரவு செய்ய ஆள் வேண்டும் என்று அறிவித்தால் நம்மவர்கள் பேருந்து நிறைய வருவார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஒரு நாள் முடிந்து, சட்டையைத் துவைத்து மடித்து வைத்தபின் என்ன நடக்கிறது? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் இயற்கை காக்கப்பட்ட கதைகளில் இரண்டைப் பாருங்கள். 1986இல் பறவை ஆர்வலர்கள் சிலர் சுங்கை பூலோவில் வலசைப் பறவைகள் கூட்டமாக இறங்குவதைக் கண்டார்கள். அவற்றைப் பதிவு செய்து, காரணங்களை எழுதி, அரசாங்கத்திடம் கோரிக்கை வைத்தார்கள். 1993இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் சட்டப் பாதுகாப்புள்ள வனப்பகுதியானது. அடுத்தது உபின் தீவின் செக் ஜாவா. அங்கே நில மீட்புப் பணி தொடங்கவிருந்த 2001ஆம் ஆண்டில், தொண்டூழியர்கள் நீர் இறங்கிய நேரங்களில் சென்று அங்கிருந்த உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். பொதுமக்களையும் அழைத்துச் சென்று காட்டினார்கள். அந்த டிசம்பரில் நில மீட்புப் பணி ஒத்திவைக்கப்பட்டது.

இரண்டு இடங்களிலும் அன்பும் ஆதங்கமும் இருந்தன. அவற்றோடு, இங்கே இன்ன உயிர்கள் வாழ்கின்றன என்று பெயர் சொல்லிக் காட்டக்கூடியவர்களும் இருந்தார்கள். பெயர் தெரியாத ஒன்றுக்காக யாரிடம் போய் மனுக் கொடுப்பது?

செக் ஜாவா கதையில் இன்னொரு பாடமும் உண்டு. செய்தி பரவியதும் மக்கள் திரளாக வந்தார்கள். காக்க வேண்டிய இடமே அன்பானவர்களின் கால்களில் மிதிபடும் நிலை வந்தது. அதன் பிறகு கூட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு மட்டும் நடக்கும் முறை வந்தது. 2007இல் நடைபாலமும் திறக்கப்பட்டது. வழிகாட்டிப் பயிற்சியின் முதல் பாடமே எதைச் செய்யக் கூடாது என்பதுதான். கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். சதுப்புநிலத்தில் குப்பை எடுக்கும்போது அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்களை மிதிக்கக் கூடாது. மூடிய காலணி இல்லாமல் கடற்புல்லில் இறங்கக் கூடாது. கல்மீனின் முள் காலில் தைத்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இடி மின்னல் வந்தால் உடனே கரையேற வேண்டும்.

அடுத்த படி, கணக்கெடுப்பு. கடற்புல் கண்காணிப்புக்கு வரும் தொண்டூழியர் என்ன செய்கிறார் தெரியுமா? 25 மீட்டர் இடைவெளியில் 50 மீட்டர் நீளக் கோடுகள் மூன்று போடுகிறார்கள். ஒவ்வொரு கோட்டிலும் 5 மீட்டருக்கு ஒருமுறை அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே எத்தனை சதவீதம் புல் இருக்கிறது, என்ன வகை என்று எழுதுகிறார்கள். ஆக 33 இடங்கள். ஒருவர் கண்ணுக்கு 40 சதவீதமாகத் தெரிவது மற்றவர் கண்ணுக்கு 60 ஆகத் தெரிந்தால் கணக்கு கெட்டுவிடும். அதனால் மாதிரிப் படங்களை வைத்துக் கண்ணைப் பழக்குகிறார்கள். உயிரியல் பட்டம் தேவையில்லை. பொறுமையும் நேர்மையும் போதும்.

இந்தக் கடற்புல்லைத்தான் கடற்பசு மேய்கிறது. நம் பெரியவர்களில் சிலருக்கு ஆவுளியா என்ற பெயர் நினைவிருக்கும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் அதற்காகவே 2022இல் ஒரு பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்கேயும் இங்கேயும் அதன் வயிற்றுப்பாடு ஒன்றுதான்.

கடற்கரைத் துப்புரவையும் இப்படிச் செய்யலாம். சிங்கப்பூரில் 1992 முதல் நடக்கும் அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவில், எடுக்கும் குப்பையை வகை பிரித்து எண்ணி எழுதுகிறார்கள். எண்ணினால்தான் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கத் தோன்றும். நுரைப்பெட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணியவர், நோன்பு திறக்கும் நிகழ்ச்சிக்கு அதே பெட்டியை வாங்கத் தயங்குவார்.

"நமக்கு இதெல்லாம் வருமா?" என்று சிலர் கேட்கலாம். நோன்புக் கஞ்சியை நினைத்துப் பாருங்கள். புதிதாக வந்தவர் கையில் முதல் நாளே அகப்பையைக் கொடுப்பதில்லை. அரிசி களைவார், வெங்காயம் நறுக்குவார், பார்ப்பார். பிறகுதான் தேக்சா பக்கம் வருவார். ஜனாஸா குளிப்பாட்டவும் முறையாகக் கற்றுக்கொடுக்கிறோம். பயிற்சி கொடுத்துத் தொண்டு செய்வது நமக்குப் புதிதல்ல.

பிறை பார்த்து நோன்பு வைக்கும் சமூகம் நாம். கடலும் பிறையோடுதான் நடக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் நீர் மிகவும் இறங்குகிறது. ஒருவர் நட்ட மரத்தில் பறவையோ மனிதரோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவுக்குத் தண்ணீரை வீணாக்காதே என்பதும் நாம் கேட்டு வளர்ந்ததுதான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, 51ஆம் ஆண்டில் பத்துப் பேரை, அவர்களில் பாதிப் பேராவது பெண்களாக, தேசியப் பூங்காக் கழகமும் இயற்கை அமைப்புகளும் நடத்தும் பயிற்சிகளுக்கு அனுப்புவோம். படகுக் கட்டணத்தையும் காலணிச் செலவையும் சங்கம் ஏற்கட்டும். இரண்டு, அவர்கள் அடுத்த ஆண்டில் தமிழில் இயற்கை நடைகளை வழிநடத்தட்டும். அலையாத்தி, தில்லை, உள்ளான் என்ற சொற்களைப் பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு சேர்ந்து சேற்றில் நின்று கற்கட்டும். தமிழ் வகுப்பில் வராத ஆசை அங்கே வரலாம். மூன்று, பத்துப் பேரும் ஒரே கடற்கரையைத் தத்தெடுத்து, ஆண்டு முழுவதும் பார்த்து எழுதி வரட்டும். பல இடங்களுக்கு ஒருமுறை போவதைவிட, ஓர் இடத்துக்குப் பலமுறை போவதே பயன் தரும்.

சங்க அறிவிப்புப் பலகையில் தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் கடல் நீர் இறங்கும் நேர அட்டவணையும் தொங்கட்டும். சங்கத்தின் நூற்றாண்டு மலரை எழுதப் போகிறவர்கள், நாம் எத்தனை பை குப்பை எடுத்தோம் என்பதோடு, நாம் எழுதி வைத்த 50 ஆண்டுக் கணக்கையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! வஸ்ஸலாம்.