தில்லையைக் காணாத கவிஞர்கள்



பத்துப்பாட்டுள் ஒன்றான குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். மாணவர்க்கு அது மனப்பாடப் பகுதி. ஆசிரியர் பலர்க்கு உரையின் துணையோடு விரைந்து கடக்கும் பகுதி. அவ்வரிசையில் வரும் தில்லையையும் பாதிரியையும் மரமாகக் கண்டோர் எத்தனை பேர்? கம்மாபுரம் வட்டாரத்துக் கவிஞர்க்கு இக்கேள்வி சற்றுக் கூச்சம் தருவது. அவ்விரு மரங்களே சிதம்பரத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் பெயர் தந்தவை.

தில்லைவனம் நகரமாகிப் பல நூற்றாண்டுகள் கழிந்தன. இன்று தில்லையைக் காண விழைவோர் கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழியில் படகேற வேண்டும். அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குக் கேடு. தரிசிக்க முத்தி தரும் ஊருக்குப் பெயரான மரம் கண்ணைக் கெடுக்கும் என்னும் முரண் ஒரு நல்ல கவிதைக்குப் போதும். ஆயினும் தில்லை என்றாலே நம் கவிதைகளில் பொன்னம்பலம் மட்டுமே வருகிறது, மரம் வருவதில்லை.

பாடலேசுவரர் கோயிலுக்குப் பாதிரி, விருத்தாசலத்துக்கு வன்னி எனத் தலமரங்கள் உண்டு. பக்தி அவற்றைக் காத்தது. ஆனால் தனிமரம் தோப்பாகாது. பல நிலத்து மரங்களை ஓரிடத்தில், பெயரோடு காட்டுவது தாவரப் பூங்காவின் பணி.

அண்மையிலுள்ளது புதுச்சேரிப் பூங்கா. 1826இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. பெரோத்தே என்னும் தாவர அறிஞரால் வளம் பெற்றது. 1848இல் உதகைப் பூங்காவை உருவாக்கும் பொறுப்பை மக்ஐவர் ஏற்றார். அயலார் இத்தகைய பூங்காக்களை அமைத்ததில் வணிகப் பயிர்மீது கொண்ட நாட்டமும் கலந்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் பொன் தேடி மக்கள் குவிந்த பல்லாரட், பெண்டிகோ போன்ற உள்நாட்டு ஊர்களும் 1850களிலேயே பூங்காவுக்கென நிலம் ஒதுக்கின. சுரங்கத்து ஊருக்கும் மரநிழல் வேண்டும் என்று அவர்கள் எண்ணியது நெய்வேலிக்கு அருகில் வாழ்வோர்க்கு எளிதில் விளங்கும். நம் சாலையோரத் தைலமரத்தின் தாயகம் அக்கண்டமே. பண்ருட்டி முந்திரியோ பிரேசிலிலிருந்து வந்தது. வந்த மரங்களை வாழவைத்த மண், சொந்த மரத்தின் முகத்தை மறந்தது.

2011 டிசம்பர் 30இல் கரையேறிய தானே புயல் கடலூரிலும் புதுச்சேரியிலும் எண்ணற்ற மரங்களை வீழ்த்தியது. முந்திரித் தோப்புகள் கணக்கில் வந்தன, இழப்பீடும் பேசப்பட்டது. பெயர் தெரியாத மரம் விழுந்தால் விறகாகிறது. அதற்கு இரங்கற்பா எழுதவும் ஒருவர்க்கு அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

பத்தாண்டுகளாக அறைக்குள் கவிதை படித்த இவ்வட்டம் இனி ஆண்டில் ஒருநாளேனும் குறிஞ்சிப்பாட்டைக் கையில் ஏந்திப் புதுச்சேரிப் பூங்காவுக்குச் செல்லலாம். பெயர்ப்பலகையில் தமிழ்ப்பெயர் இல்லையெனில் தோட்டப் பணியாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். வேனில், பாதிரி பூக்கும் பருவம். அதற்கு முன் ஒரு காலைப்பொழுது பிச்சாவரத்துப் படகுத்துறையில் கூடினால் தில்லையை முதலில் பார்த்துவிடலாம்.