முதலில் இரைச்சலைக் கற்றுக்கொடுங்கள்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் பள்ளியில் மணி என்று தொங்குவது ஒரு தண்டவாளத் துண்டு. அடித்தால் தெருமுனை வரை கேட்கும். ஆனால், எட்டாம் வகுப்பில் செவித்திறன் குறையுடைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். மற்றவர்கள் எழுந்திருப்பதைப் பார்த்துத்தான் மணி அடித்ததை அவள் அறிகிறாள்.

"காதொலிக் கருவி இருக்கிறதே?" என்று கேட்பார்கள். கருவி மணியை மட்டுமா பெரிதாக்குகிறது? மின்விசிறியையும் பக்கத்து வகுப்பு வாய்ப்பாட்டையும் சேர்த்துத்தான். இத்தகைய குழந்தைகளுக்குப் பேச்சு தெளிவாகக் கேட்க, ஆசிரியர் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும் என்பார்கள் வல்லுநர்கள். ஆற்றலில் அது சுமார் 30 மடங்கு. நம் தொண்டை தாங்குமா?

மணியைக் கணினி கேட்டுத் திரையில் காட்டினால் என்ன? ஐபோனில் 2020 முதலே கதவு தட்டுவது, குழந்தை அழுவது போன்றவற்றை அறிவிக்கும் வசதி இருக்கிறது. ஆனால், எந்த ஒலிகளைக் கொடுத்துப் பழக்குகிறோமோ அவற்றைத்தான் கணினி அறியும். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பில் 8,732 ஒலித்துண்டுகள், பத்தே வகைகள். நாய் குரைப்பு உண்டு, ஏர்கண்டிஷனர் உண்டு. தண்டவாள மணி எப்படி இருக்கும்?

கணினி ஒலியை ஒரு படமாகப் பார்க்கிறது. இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி. மின்விசிறி அடியில் பரவிய கறைபோலத் தெரியும். மணி அடித்ததும் செங்குத்தாக ஒரு கோடு, பிறகு மெல்ல மங்கும் படுக்கைக் கோடுகள். கீழ்க்கோடுகளைக் கறை மூடினாலும் மேலே உள்ளவை தப்பித்துவிடும். அவற்றைத்தான் கணினி பிடித்துக்கொள்கிறது.

ஹைடெக் லேபில் 'டீச்சபிள் மெஷின்' என்ற இலவசத் தளத்தைத் திறந்தோம். அது முதலில் கேட்பது மணியை அல்ல, 20 விநாடி பின்னணி இரைச்சலை. பதிவு என்றதும் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாம் வளர்த்த பிள்ளைகள் அல்லவா! நான் வேண்டுமென்றே தடுக்கவில்லை. மதியம் சத்துணவு வரிசையில் தட்டு விழுந்தபோதெல்லாம் திரையில் 'மணி' என்று வந்தது. ஏன் என்று அவர்களே பேசினார்கள். அமைதி, மணி இரண்டை மட்டும் அறிந்த கணினிக்குத் தட்டும் மணிதானே? மறுநாள் வரிசையின் கூச்சலைப் பின்னணியாகவும், தட்டைத் தனி வகையாகவும் பதிவுசெய்தார்கள். குழப்பம் வெகுவாகக் குறைந்தது. லாரி போனால் இன்னமும் தடுமாறும்.

திரையைக் கவனிக்கும் பொறுப்பு அந்த மாணவிக்கு. இரண்டாம் நாள் அவள் கேட்டாள்: "ரோட்டில் பின்னால் வரும் லாரி ஹாரனையும் இது சொல்லுமா சார்?"

"அதற்கு இதை நம்பாதே அம்மா" என்றேன். ஆபத்தான சூழலில் ஒலியறியும் வசதியை நம்பியிருக்க வேண்டாமென்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது.

இப்போது அவளும் தோழிகளும் பைக் ஹாரனைப் பதிவுசெய்கிறார்கள், மதிலுக்கு உள்ளே நின்றுதான்.