மொராக்கோவின் கதவுகளும் மாதர் உடையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் காலனியிலிருந்து நான்கு தம்பதியர் மொராக்கோ நாட்டுக்குச் சென்று வந்த செய்தியைத் தாங்கள் அறிவீர்கள். கண்டதைச் சங்கத்தில் சொல்லவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பத்து நாட்களில் ஒரு நாட்டை அறிந்துவிட்டோம் என்று கூறும் துணிவு எங்களுக்கு இல்லை. ஆதலின் இரண்டே பொருள்களைப் பற்றிப் பேச விழைகின்றோம். ஒன்று அந்நாட்டுக் கதவு. மற்றொன்று அந்நாட்டு மாதர் உடை. இவற்றைப் பற்றி நாங்கள் கொண்டு சென்ற எண்ணம் தவறானது என்பதை அங்கேயே உணர்ந்தோம். அதனைச் சொல்வதே எங்கள் நோக்கம்.

காஸாபிளாங்கா நகரில் இறங்கி, ரயிலேறி ஃபெஸ் நகரை அடைந்தோம். ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழைமை உடையது அந்நகரம். அதன் பழைய பகுதியை 1981ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அங்குள்ள சந்துகளில் மோட்டார் வண்டி நுழைய இயலாது. கழுதைகளும் கோவேறு கழுதைகளுமே சுமை கொண்டு செல்கின்றன. ஓட்டுபவர் 'பாலக், பாலக்' என்று கூவினால் நாம் சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழிவிட வேண்டும்.

நகரின் மேற்கு நுழைவாயிலுக்குப் பாப் பூ ஜெலூத் என்று பெயர். 1913ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அவ்வாயிலின் வெளிமுகம் நீல ஓடுகளாலும் உள்முகம் பச்சை ஓடுகளாலும் ஒளிர்கின்றன. நீலம் ஃபெஸ் நகரின் நிறம். பச்சை இசுலாத்தின் நிறம் என்பர். அரண்மனை வாயிலிலோ ஏழு பெருங்கதவுகள், பொன்னோ என மயங்குமாறு துலக்கப்பட்ட உலோகத் தகடுகளுடன் வரிசையாக நிற்கின்றன. கரவியீன் பள்ளிவாசல் 859ஆம் ஆண்டில் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்னும் பெண்மணியால் நிறுவப்பட்டது என்பது மரபு. இசுலாமியர் அல்லாதார் உள்ளே செல்லலாகாது. ஆதலின் திறந்த கதவின் வழியே அதன் முற்றத்தைக் கண்டு திரும்பினோம்.

எங்கள் மனத்தை ஈர்த்தவை இப்பெருங்கதவுகள் அல்ல, வீட்டுக் கதவுகளே. தெருவின் இருபுறமும் உயர்ந்த வெறுஞ்சுவர். திண்ணை இல்லை, கண்ணுக்கெட்டும் உயரத்தில் சன்னலும் இல்லை. திடீரென ஒரு கதவு! அட்லஸ் மலைத் தேவதாரு மரத்தில் செய்து, வரிவரியாகக் குமிழாணிகள் அறைந்திருப்பார்கள். பெருங்கதவுக்குள்ளேயே ஒரு திட்டிவாசல். கண்ணேறு படாதிருக்க ஐவிரல் கை வடிவில் ஒரு பித்தளைப் பிடி. சில கதவுகளில் தட்டுவதற்கு இரண்டு வளையங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஓசை தரும். வந்தவர் வீட்டாரா, அயலாரா என்பதை உள்ளிருக்கும் பெண்டிர் ஓசையைக் கொண்டே அறிந்துகொள்வார்கள் என்று எங்கள் வழிகாட்டி விளக்கினார்.

அத்தகைய ஒரு கதவின் முன் நாங்கள் பிழை ஒன்று செய்தோம். கதவைத் திறந்துகொண்டு ஒரு மாது வெளியே வந்தார். கணுக்கால் வரை தொங்கும் அங்கி. பின்னால் கூம்பிய தலைமூடி. அதற்கு ஜெலாபா என்று பெயர். கதவும் உடையும் பொருந்திய அழகைக் கண்டு எங்களுள் ஒருவர் கேளாமலே படம் எடுக்க முற்பட்டார். அம்மாது உள்ளங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு கடிந்து பேசினார். மொழி விளங்கவில்லை, பொருள் விளங்கியது. நம் வீட்டு வாசலில் கோலமிடும் பெண்ணை அயலான் ஒருவன் இவ்வாறு படம் எடுத்தால் நாம் பொறுப்போமா? நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

எங்கள் மனைவிமார் முன்சென்று வழிகாட்டி வாயிலாக மன்னிப்புக் கேட்டனர். நாங்கள் இந்தியர் என்று அறிந்ததும் அம்மாதின் முகம் மலர்ந்தது. இந்தித் திரைப்படங்களுக்கு அந்நாட்டில் மதிப்பு மிகுதி. அமிதாப் பச்சன், ஷாருக் கான் என்று அவர் பெயர்களை அடுக்கினார். தமிழராகிய நாங்கள் அவர்களுடைய புகழை அங்கே கடன் வாங்கிக்கொண்டோம்! பின்னர்ப் பெண்கள் நால்வரையும் தேநீர் அருந்த உள்ளே அழைத்தார். ஆடவராகிய நாங்கள் தெருவில் காத்திருந்தோம்.

ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் வெளியே வந்தார்கள். வந்ததும் வராததுமாக ஓர் அம்மையார் தம் கணவரிடம், "நீங்கள் இத்தனை நாளும் படம் எடுத்ததெல்லாம் வீட்டின் முதுகைத்தான். முகம் உள்ளே இருக்கிறது" என்றார்.

உள்ளே திறந்த முற்றம், நடுவே நீரூற்று. சுவரின் கீழ்ப்பாதியில் ஸெலீஜ் எனப்படும் வண்ண ஓட்டுத் துண்டுகளாலான கோலம். மேற்பாதியில் சுதையில் செதுக்கிய பூவேலை. சன்னல்கள் எல்லாம் முற்றத்தை நோக்கியே திறக்கின்றன. புதினாத் தேநீருக்குப் பின் அம்மாது ஒரு பெட்டியைத் திறந்து, தம் திருமண உடையாகிய கஃப்தானை எடுத்துக் காட்டினாராம். மென்பட்டுத் துணியில் பொற்சரிகை. கழுத்திலிருந்து அடிவரை பட்டு நூலைக் கையாலேயே முடிந்து செய்த சிறுபொத்தான்கள். ஃபெஸ் நகருக்கு அருகிலுள்ள செஃப்ரூ என்னும் ஊரில் பெண்கள் இத்தகைய பொத்தான்களைச் செய்து வாழ்கின்றனர். இந்தக் கஃப்தான் கலையை 2025 டிசம்பரில் டில்லியில் கூடிய யுனெஸ்கோ குழு தன் பட்டியலில் சேர்த்தது. நம் தீபாவளி சேர்க்கப்பட்டதும் அதே கூட்டத்தில்தான் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அன்பர்களே! மூடிய கதவும் மூடிய உடையும் ஒன்றே என்பது நாங்கள் கொண்டு சென்ற எண்ணம். வரலாறு வேறு கூறுகிறது. முற்காலத்தில் நகரத்து மாதர் ஹாயிக் என்னும் நீண்ட, தையலற்ற துணியால் உடல் முழுவதையும் போர்த்திக்கொண்டு வெளியே வந்தனர். அது நழுவாதிருக்க ஒரு கையால் பிடித்தவாறே நடக்கவேண்டும். ஜெலாபாவோ அக்காலத்தில் ஆடவர் உடை. தைத்த உடையாதலின் கைகள் இரண்டும் ஓய்ந்திருக்கும். பெண்கள் அதனை அணிய விரும்பியபோது வீடுகளில் பூசல் எழுந்தது. ஃபெஸ் நகரில் 1940ஆம் ஆண்டில் பிறந்த அறிஞர் ஃபாத்திமா மெர்னிஸ்ஸி, தம் இளமைக் காலத்தைத் தழுவி எழுதிய நூலில் இப்பூசலைச் சித்திரித்துள்ளார். வாயிற்காவலர் அறியாமல் பெண்கள் கதவைத் தாண்ட இயலாத காலம் அது. ஆகவே கதவின் அழகைப் புகழும்போது, அது சிலரை உள்ளே அடைத்தும் வைத்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

1947 ஏப்ரலில், சுல்தான் ஐந்தாம் முகம்மதின் மகள் இளவரசி லல்லா ஆயிஷா, தாஞ்சியர் நகரில் முகத்திரையின்றிப் பொதுமக்கள் முன் உரையாற்றினார். பின்னாளில் அவர் பிரிட்டனில் தூதராகவும் விளங்கினார். 1956இல் நாடு விடுதலை பெற்றது. 2004ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினெட்டாக உயர்த்தியது. இன்று தெருவில் ஜெலாபா அணிந்த தாயும் கால்சட்டை அணிந்த மகளும் கைகோத்துச் செல்லக் கண்டோம். எங்கள் கண்ணுக்குத் தளையாகத் தோன்றிய ஜெலாபா, அவர்தம் தாய்மாரும் பாட்டிமாரும் வாதாடிப் பெற்று, கதவைத் தாண்டி வர அணிந்த உடையாகும்.

பிறமொழி பேசும் ஊரில் வாழ்பவர்கள் நாம். நம் வாசற்கோலத்தையும் நம் பெண்களின் பூச்சரத்தையும் கண்டு அண்டை வீட்டார் நம்மை எடைபோடுகின்றனர்; நாமும் அவர்தம் முக்காட்டைக் கண்டு அவ்வாறே செய்கின்றோம். இத்தனை ஆண்டுகளில் நம்முள் எத்தனை பேர் அவர்கள் வீட்டுக்குள் சென்று தேநீர் அருந்தியிருக்கின்றோம்? எட்டாயிரம் கிலோமீட்டர் கடந்து சென்று கற்ற பாடத்தை எதிர்வீட்டில் தொடங்குவோம்.