கணக்கு வராத பிள்ளை
(பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



"சாமி, இவனுக்குக் கணக்கு வராது. படிப்பை நிறுத்திவிட்டு என்னோடு வேலைக்கு அழைத்துப் போகிறேன்." ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை நம்மிடம் வந்து சொன்னது இது. அவர் கையில் மகனின் நோட்டு. பக்கமெல்லாம் சிவப்பு மை.

நோட்டைப் புரட்டினோம். 52-இல் 27 போக மீதி 35 என்றும், 64-இல் 38 போக மீதி 34 என்றும் எழுதியிருந்தான். கவனக் குறைவு என்றே நினைத்தோம். "எப்படிப் போட்டாய்?" என்று கேட்டபோதுதான் உண்மை விளங்கியது. "இரண்டில் ஏழு போகாது, சாமி. அதனால் ஏழில் இரண்டைக் கழித்தேன்" என்றான். அவன் மனம் போனபடி எழுதவில்லை. ஒரு தவறான விதியை ஒழுங்காகவே பின்பற்றி வந்திருக்கிறான்! அதுவரை யாரும் அவனைக் கேட்கவில்லை. அந்தக் குறையில் தாளாளராகிய நமக்கும் பங்குண்டு.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் அவன்முன் வைத்து, "27 எடு" என்றோம். இரண்டு கட்டுகளை எடுத்தான். இன்னும் ஏழு வேண்டும். தனியாக இருப்பதோ இரண்டு. சற்று யோசித்தான். பிறகு, நாம் சொல்லாமலே, ஒரு கட்டை அவிழ்த்தான். மீதியை எண்ணினான்: 25. 'கடன் வாங்குதல்' என்று கரும்பலகையில் பலமுறை சொல்லியும் புரியாதது, அந்த முடிச்சு அவிழ்ந்ததும் புரிந்துவிட்டது.

இது நமது கண்டுபிடிப்பன்று. 1907-இல் உரோமை நகரில் ஏழைகள் வாழ்ந்த பகுதியில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அவரது முறையில் பத்து மணிகள் ஒரு கம்பி, நூறு மணிகள் ஒரு சதுரம், ஆயிரம் மணிகள் ஒரு கனசதுரம். குழந்தை எண்ணைக் கையில் தூக்கிப் பார்த்தே அதன் அளவை அறிகிறது.

ஆசிரியர்களே, முதலில் பொருள், பிறகு படம், அதன் பிறகே எண் என்று செல்லுங்கள். விடை தவறானால் பெருக்கல் குறி போடுமுன் வழியைக் கேளுங்கள். இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் மற்றவருக்கு விளக்கச் செய்யுங்கள். பெற்றோரே, கடைக்குப் போகும்போது மீதிச் சில்லறையைப் பிள்ளையே எண்ணி வாங்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

அந்தச் சிறுவன் இன்றும் பள்ளிக்கு வருகிறான். வகுத்தலில் இன்னும் தடுமாறுகிறான். ஆனால் இப்போது கையை உயர்த்திக் கேட்கிறான். "உனக்குக் கணக்கு வராது" என்ற சொல்லை நம் வீடுகளிலிருந்தும் வகுப்பறைகளிலிருந்தும் விலக்கிவிடுவோமாக.