பார்க்க வந்தவரும் ஆட வந்தவரும்



தோட்டத்துக் கோயில் திருவிழாவில் இரதம் இழுப்பதை நினைத்துப் பாருங்கள். ஓரமாக நிற்பவருக்கு அது ஓர் ஊர்வலம். வடத்தில் கை வைத்தவருக்கோ அது தம்முடைய இரதம். அவருக்குக் கால்வலி தெரிவதில்லை. கேளிக்கைப் பூங்கா அமைக்கும் கலையின் இரகசியமும் இதுதான்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து 1955-இல் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி மண்மேடு எழுப்பினார்கள். வெளியுலகம் கண்ணில் பட்டால் உள்ளே காணும் கனவு கலைந்துவிடும் அல்லவா? நுழைந்ததும் ஒரு கடைத்தெரு. மேல்மாடிகளைச் சிறிதாகக் கட்டியிருப்பதால் கட்டடங்கள் உள்ளதைவிட உயரமாகத் தோன்றும். தெருக்கோடியில் ஒரு கோட்டை தெரியும். யாரும் அழைக்க வேண்டியதில்லை; கால்கள் தாமே அதை நோக்கி நடக்கும்.

கண்ணை மயக்குவது பாதி வேலை. வந்தவரின் கைக்கும் காலுக்கும் வேலை கொடுப்பது மறுபாதி. சென்னை வி.ஜி.பி. பூங்காவின் 'சிலை மனிதர்' பெயர் பெற்றவர். அவர் அசையாமல் நிற்பார். அவரைச் சிரிக்க வைக்க மற்றவர்கள் படும் பாடே அங்கு வேடிக்கை. அதற்கு இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

நம் பினாங்கிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. நிபோங் திபாலிலிருந்து புறப்பட்டு, 2014-இல் திறந்த இரண்டாவது பாலத்தைக் கடந்து, தீவின் வடமேற்கே தெலுக் பாஹாங் சென்றால் 'எஸ்கேப்' பூங்காவைக் காணலாம். அது 2012-இல் திறக்கப்பட்டது. அங்கே நாமே ஏற வேண்டும், நாமே கயிற்றில் நடக்க வேண்டும். மலையிலிருந்து மரங்களினூடே இறங்கும் அதன் நீர்ச்சறுக்குக் குழாயின் நீளம் 1,111 மீட்டர். உலகிலேயே மிக நீளமானது என்று 2019-இல் கின்னஸ் பதிவு பெற்றது.

மரமேறுவதும் கயிற்றில் தொங்குவதும் நமக்குப் புதியனவா? லயத்துப் பிள்ளைகள் பாக்குமட்டையில் அமர்ந்து மேட்டிலிருந்து சறுக்கிய ஆட்டம்தானே இது! அதனுடன் இடுப்புப் பட்டையும் கொக்கியும் காவலும் சேர்த்து இன்று நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். நம்மிடம் இருந்ததன் மதிப்பை நாம் அறியாமல் விட்டுவிட்டோம்.

ஆகவே தாய்மார்களே, பூங்காவுக்குப் போனால் பைகளைக் காத்துக்கொண்டு நிழலில் அமர்ந்துவிடாதீர்கள். உயரம், எடை, உடல்நலம் பற்றிய விதிகளைக் கேட்டறிந்து, உங்களுக்கு ஏற்ற ஒன்றில் நீங்களும் இறங்குங்கள். அம்மாவோடு ஆடிய ஆட்டத்தைப் பிள்ளை என்றும் மறக்காது.

போக வசதியில்லையென்றால் குறையொன்றுமில்லை. பெரியவர்கள் சோதித்துப் பார்த்த கிளை, நல்ல கயிறு, ஒரு பழைய டயர் போதும். ஊஞ்சலை நாமே கட்டித் தராமல், முடிச்சுப் போடும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுப்போம்; பிறகு நாம் இழுத்துச் சரிபார்ப்போம். வடத்தில் அவர்கள் கையும் இருக்கட்டும்.